ஆம் எனில் காரணம்

அப்பா இறந்த இருபத்து மூன்றாம் நாள், மதியச் சாப்பாடு முடிந்து அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, சைரன் சித்தப்பா பிளாஸ்டிக் உறையில் ஒரு படிவத்தை வைத்து எடுத்துக்கொண்டு வந்தார்.

சைரன் என்பது ஆம்புலன்ஸ் நிலையத்தில் அவருக்கு வைத்த பெயர். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கே அவர் பேசுவது கேட்காது என்பதால் வைத்தது. இருபத்தைந்து வருடம் அப்பாவும் அவரும் ஒரே வண்டியில் போனார்கள். சித்தப்பா ஓட்டுநர், அப்பா மருத்துவ உதவியாளர். இரத்த உறவு எதுவும் இல்லை. ஆனாலும் எனக்கு வேறு சித்தப்பா கிடையாது.

"அண்ணி இருக்காங்களா" என்றார்.

"உள்ள வேலையா இருக்காங்க. கூப்பிடவா?"

"வேணாம். அவங்க வேலையைப் பாக்கட்டும்."

அப்பாவின் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அதில் உட்காராமல், பக்கத்தில் இருந்த கால் ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்து, அது ஆடாமலிருக்க ஒரு பாதத்தைத் தரையில் அழுத்திக்கொண்டார். பிறகு நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தோம். அவருக்கும் எனக்கும் அது எப்போதும் நன்றாக வரும். சின்ன வயதில் என்னைப் பள்ளியிலிருந்து கூட்டி வரும் நாட்களில், அவர் ஒரு வார்த்தை பேசாமல் வண்டி ஓட்டுவார், நான் ஒரு வார்த்தை பேசாமல் புத்தகம் படிப்பேன். வீடு வந்ததும் "நல்லா பேசிட்டு வந்தோம்" என்று அப்பாவிடம் சொல்வார்.

"இது ரெண்டு தடவை திரும்பி வந்துடுச்சு பாப்பா" என்றார். எனக்கு முப்பத்து நான்கு வயது.

படிவத்தை மேசையில் வைத்தார். ஒவ்வொரு நோயாளிக்கும் வண்டிக்காரர்கள் எழுதிக் கொடுக்க வேண்டிய அறிக்கை அது. அப்பாவின் பெயர், வயது ஐம்பத்தெட்டு, நெஞ்சுவலி, வண்டி கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம் எல்லாம் சித்தப்பாவின் குண்டுக் கையெழுத்தில் நிரப்பப்பட்டிருந்தன. ஒன்பதாவது கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. அதைச் சுற்றி யாரோ சிவப்புப் பென்சிலால் இரண்டு வட்டம் போட்டிருந்தார்கள். முதல் தடவைக்கு ஒன்று, இரண்டாம் தடவைக்கு ஒன்று.

*9. வண்டி வருவதற்கு முன் நோயாளி நடந்தாரா? ஆம் / இல்லை. ஆம் எனில் காரணம்.*

"கட்டுப்பாட்டு அறைக்கு போன் பண்ணினப்போ அண்ணன் மூணாவது மாடின்னு சொல்லியிருக்காரு. பதிவுல இருக்கு. நாங்க வந்தப்போ கீழ கடைசிப் படியில உக்காந்திருந்தாரு. நடுவுல என்ன ஆச்சுன்னு ஆபீஸ்ல கேக்குறாங்க. கேட் மூட இறங்கினாருன்னு நீ சொன்ன."

"ஆமா."

"நெஞ்சுவலின்னு போன் பண்ணிட்டு ஒருத்தர் கேட் மூடப் போவாரான்னு கேக்குறாங்க."

நியாயமான கேள்விதான். அவசரத்தில் சொன்ன பொய்யை நான் திரும்ப எடுத்துப் பார்க்கவே இல்லை. அப்பா கேட் மூடப் போகவில்லை. நடந்து இறங்கினார், நான் விட்டேன். நெஞ்சுவலிக்காரரை ஓரடிகூட நடக்க விடக்கூடாது என்பது, மற்ற வீடுகளில் வாய்ப்பாடு மாதிரி, எங்கள் வீட்டில் மனப்பாடம். எனக்கு எட்டு வயதிலிருந்து தெரியும். தெரிந்தும் ஐம்பத்து நான்கு படிகள் அவரோடு இறங்கினேன். இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. சித்தப்பாவிடம் சொல்லாததற்கு இன்னொரு காரணமும் இருந்தது.

இந்த வீட்டை அப்பா தேர்ந்தெடுத்ததே படிக்கட்டுக்காகத்தான். நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் ஏழு வீடு பார்த்தோம். அம்மா சமையலறையைப் பார்க்கப் போவாள், அப்பா படிக்கட்டைப் பார்க்கப் போவார். கையில் அளவு நாடா இருக்கும். "இந்தத் திருப்பத்துல ஸ்ட்ரெச்சர் நிமிராது" என்று ஒரு வீட்டைத் தள்ளினார். "இங்க செத்தாத்தான் இறக்க முடியும், உயிரோட முடியாது" என்று, வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்கும்போதே இன்னொரு வீட்டைத் தள்ளினார். கடைசியில் இந்த வீடு. மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை, தண்ணீர் ஒரு வேளைதான். ஆனால் படி அகலம், ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கட்டில் போடலாம். அப்பா கீழிருந்து மேல்வரை ஒரு முறை ஏறி இறங்கிவிட்டு, "இந்தப் படியில யாரை வேணாலும் தூக்கிட்டுப் போகலாம்" என்றார். அம்மா சமையலறையில் ஜன்னல் இல்லை என்றாள். அது யார் காதிலும் விழவில்லை.

அவர் பாசத்தை இப்படித்தான் காட்டுவார், வேறு மாதிரி காட்டத் தெரியாது. காலை ஷிஃப்ட் இல்லாத நாட்களில் எனக்குத் தலை பின்னிவிடுவது அவர்தான். உடைந்த கையைக் கட்டுவது போலவே பின்னுவார். கட்டு போட்டு முடித்ததும் விரல் நுனியை அழுத்தி இரத்தம் ஓடுகிறதா என்று பார்ப்பது தொழில் பழக்கம். ஜடையில் அதற்கு வழியில்லாததால், "கண்ணை மூட முடியுதா" என்று கேட்பார். முடிகிறது என்றால் அனுப்பிவிடுவார். அந்த ஜடை இரண்டு நாள் அவிழாது. என் புருவங்கள் எப்போதும் சற்று மேலே இழுபட்டிருந்ததால், நான் எல்லாப் பாடத்தையும் ஆச்சரியத்தோடு கேட்பதாக ஆசிரியைகள் நினைத்தார்கள்.

பெற்றோர் கூட்டத்துக்கு ஒரு தடவை ஆம்புலன்ஸிலேயே வந்தார். வாசலில் வண்டியைப் பார்த்ததும் தலைமையாசிரியை ஒவ்வொரு வகுப்பிலும் பிள்ளைகளை எண்ணச் சொன்னார். எல்லோரும் சரியாக இருந்தோம். அப்பா என் கணக்கு விடைத்தாளை வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "உயிருக்கு ஆபத்து இல்ல" என்று ஆசிரியையிடம் திருப்பிக் கொடுத்தார். சைக்கிள் பழகியபோது முதலுதவிப் பெட்டியோடு பின்னாலேயே ஓடி வந்தார். இரண்டு நாள் நான் விழவில்லை. மூன்றாம் நாள் விழுந்து முழங்கால் சிராய்ந்தபோது, அவர் பெட்டியைத் திறந்த விதத்தில் ஒரு நிம்மதி இருந்தது.

சித்தப்பா பேனா மூடியைக் கழற்றி, திரும்ப மாட்டினார்.

"ஞாபகப்படுத்திப் பாரு பாப்பா. அவசரம் இல்ல. நாளைக்குள்ள குடுத்தா போதும்."

ஞாபகப்படுத்திப் பார்க்க அதில் ஒன்றுமில்லை, எதுவும் மறந்திருக்கவில்லை.

அன்று அப்பாவுக்கு விடுப்பு. அம்மா காய்கறி வாங்கப் போயிருந்தாள். நான் முன்னறையில் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா சமையலறையிலிருந்து வந்து, வேலைக் குரலில், "ஐம்பத்தெட்டு வயசு ஆண். நெஞ்சுவலி. பத்து நிமிஷமா" என்றார். நான் அவருக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தேன். அதற்குள் அவரே போனை எடுத்துவிட்டார். கட்டுப்பாட்டு அறையில் இருந்த பெண்ணுக்கு அவர் குரல் தெரியும். அவள் பேசியது எனக்கும் கேட்டது.

"சொல்லுங்கண்ணே, இன்னிக்கு லீவு இல்ல நீங்க?"

"லீவுதான்மா."

"அப்புறம் என்ன கேஸ்? நோயாளி பேரு?"

"நான்தான்."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு அவள் கேட்க வேண்டிய எல்லாக் கேள்விகளையும் வரிசையாகக் கேட்டாள், அப்பா வரிசையாகப் பதில் சொன்னார். கடைசியாக அப்பா ஒரு கேள்வி கேட்டார். "இங்க எந்த வண்டி வருது?"

"உங்க வண்டிதாண்ணே. சைரன் அண்ணனும், உங்களுக்குப் பதிலா வந்தவரும்."

அப்பா போனை வைத்துவிட்டு ஒரு ஆஸ்பிரினை மென்றார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. செருப்பை மாட்டினார்.

"கீழ போயிடலாம்."

"அப்பா, நடக்கக் கூடாது."

"தெரியும்."

"அவங்க வந்து தூக்கிப்பாங்க."

"அவன் முதுகு தாங்காது. வர்ற இன்னொருத்தனுக்கு நாற்காலி பிடிக்கவே தெரியாது. வா."

இதுதான் சித்தப்பாவிடம் நான் சொல்லாததற்குக் காரணம். பதினொரு வருடத்துக்கு முன் ஒரு கிணற்றடியிலிருந்து யாரையோ தூக்கும்போது அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. படியில் நோயாளியை நாற்காலியில் வைத்து இறக்கும்போது கீழ்ப்பக்கம் பிடிப்பவர் மேல்தான் பாரம் இறங்கும். அன்றிலிருந்து அப்பா கீழ்ப்பக்கம். வீட்டுக்கு வந்தால் முழங்காலில் வெந்நீர் ஒத்தடம். "அவன் பாவம்டி, குனியவே முடியல" என்பார் அம்மாவிடம்.

நான் குறுக்கே நின்றிருக்கலாம். கதவைப் பூட்டிச் சாவியை எடுத்திருக்கலாம். அழுதிருந்தால்கூட நின்றிருப்பார். நான் சொன்னது, "மெதுவா இறங்குங்க" என்பது. ஆஸ்பத்திரியில் டாக்டர் அடைப்பு பெரியது என்றார். நடந்ததால்தானா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்கும்.

"சித்தப்பா" என்றேன். "கேட் மூடப் போகல. நடந்துதான் இறங்கினார். நானும் கூடவே இறங்கினேன்."

அவர் தலையாட்டினார். அதை எதிர்பார்த்திருப்பார் போல. பேனாவை எடுத்து 'ஆம்' என்பதைச் சுற்றி ஒரு சின்ன வட்டம் போட்டார். மை பரவாமல் ஊதினார்.

"காரணம்?"

தெருவில் யாரோ ஒரு இரும்புக் கதவை மூன்று தடவை இழுத்துச் சாத்தினார்கள். மூன்றாம் தடவை பூட்டிக்கொண்டது.

"காரணம் ஒரு வரிதான் பாப்பா. இடமே அவ்வளவுதான் இருக்கு."

"உங்க முதுகு" என்றேன்.

அவர் எழுத ஆரம்பித்தார். 'உ' வரை எழுதியிருப்பார், நின்றது.

"என்ன சொன்ன?"

"உங்க முதுகு தாங்காதுன்னாரு. நீங்கதான் வர்றீங்கன்னு போன்ல கேட்டுக்கிட்டுத்தான் இறங்கினாரு."

சொல்லி முடித்ததும் எனக்கு மனம் லேசாகவில்லை. லேசாகும் என்று படித்திருக்கிறேன். சித்தப்பா பாதத்தைத் தரையிலிருந்து எடுத்துவிட்டார் போலிருக்கிறது, நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"எனக்கு முதுகு நல்லாத்தான் இருக்கு" என்றார்.

வழக்கத்தைவிட மெதுவாகச் சொன்னதால், நான் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

"எப்பலேருந்து?"

"பத்து வருஷமா. ஆறு மாசத்துல சரியாப் போச்சு. டாக்டரே சொல்லிட்டாரு. இன்னிக்கு சொல்லலாம், நாளைக்கு சொல்லலாம்னு இருந்தேன். அண்ணன் தினமும் 'நீ மேல பிடி, நான் பாத்துக்கிறேன்'னு சொல்லுவாரு. கேக்க நல்லா இருந்துச்சு. அப்புறம் ஒரு வருஷம் ஆயிடுச்சு. ஒரு வருஷம் கழிச்சு எப்படிப் போய் சொல்றது? நடிக்கக்கூட இல்ல பாப்பா. வண்டியிலேருந்து இறங்கும்போது லேசா இடுப்புல கை வைப்பேன். அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்" என்றேன் நானும். குத்திக்காட்ட நினைத்துச் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் கேட்டிருக்கும்.

அவர் படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, வேகமாக எழுதினார். தலைகீழாகவே படித்தேன். *உடன் பணிபுரியும் ஓட்டுநர் இல்லாத முதுகுவலியை இருப்பதாகக் காட்டியதால்.* ஒரு வரி போதவில்லை. 'காட்டியதால்' ஓரத்தில் செங்குத்தாக இறங்கியது.

"இதைக் குடுத்தா உங்க வேலை போயிடும்."

"போகட்டும்."

"தப்பாவும் இருக்கு. நான் கூட இருந்தேன். எனக்கு எல்லாம் தெரியும். நான் தடுக்கல. அதை எழுதுங்க."

"உன்னை எதுக்கு எழுதணும்? நீ என்ன வேலைக்காரியா இந்த ஆபீஸ்ல?"

"கூட இருந்தவர்னு ஒரு கேள்வி இருக்கு பாருங்க. பன்னிரண்டாவது."

"அது போன் நம்பருக்கு."

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி ஆளுக்கு ஒரு முனையில் படிவத்தைப் பிடித்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் சமையலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது எனக்கு உறைத்தது. அம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி கதவருகே நின்றாள்.

"அவருக்குத் தெரியும்" என்றாள்.

நாங்கள் இருவரும் படிவத்தை விட்டுவிட்டோம்.

"என்ன தெரியும் அண்ணி?"

"உங்க முதுகு. ஒரு நாள் சந்தையில உங்க பிள்ளையைத் தோள்ல உக்கார வச்சுக்கிட்டு, கையில ஒரு மூட்டையும் தூக்கிட்டுப் போனீங்களாம். அவர் எதிர்ல வந்துட்டு, உங்க கண்ணுல படாம ஒரு கடைக்குள்ள போயிட்டாராம். வந்து சொன்னாரு. உங்க பிள்ளைக்கு அப்போ நாலு வயசு."

சித்தப்பாவின் மகனுக்கு இப்போது பதினொன்று. அவர் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது.

"ஏழு வருஷமா தெரியுமா? ஒரு வார்த்தை கேக்கலையே."

"கேளுங்கன்னேன். கேட்டா அவனுக்குச் சங்கடமா இருக்கும்னாரு. முழங்கால் வலிக்குதேன்னேன். வலிக்கட்டும், அவன் ஓட்டுறதால நான் இன்னும் உயிரோட இருக்கேன்னாரு." அம்மா அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். "நீங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் நல்லாத்தான் நடிச்சிருக்கீங்க."

சித்தப்பா இடுப்பில் கை வைத்தார். வைத்தது தெரிந்ததும் எடுத்துவிட்டார்.

"அப்போ ஏன் நடந்தாரு?" என்று கேட்டார். என்னையா, அம்மாவையா என்று தெரியவில்லை.

"ஹெர்னியா ஆபரேஷனப்போ நடந்துதானே தியேட்டருக்குள்ள போனாரு? சக்கர நாற்காலியைத் தள்ளிட்டு வந்த ஆளை அதுல உக்காரச் சொல்லிட்டு, அவரே தள்ளிட்டுப் போனாரு. முப்பது வருஷமா ஊரைத் தூக்கினவரு. அவரை யாரு தூக்க முடியும்? உங்க முதுகு நல்லா இருந்திருந்தா, மழை பெய்யுதும்பாரு. மழை பெய்யலைன்னா, புதுசா வந்தவன் சாப்பிட்டிருக்க மாட்டான்பாரு."

"என்கிட்ட முதுகுன்னுதானே சொன்னாரு" என்றேன்.

"உன்கிட்ட ஏதாவது சொல்லணுமே. நீ கேள்வி கேக்குற ஆளாச்சே."

நான் கேள்வி கேட்கிற ஆள் இல்லை. அன்று கேட்டிருக்க வேண்டியவள். அம்மா சொல்வது எங்களைச் சமாதானப்படுத்தவா, நிஜமாகவா என்று யோசித்தேன். அவளுக்குப் பொய் சொல்லும் பழக்கம் இல்லை. எனக்கும்தான் இல்லை.

"எழுதுங்க" என்றாள் அம்மா. "பிடிவாதம்."

"அண்ணி, இடமே இல்லையே. நான் வேற எழுதிட்டேன்."

"அடிச்சிட்டு எழுதுங்க."

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன ஸ்கேலை எடுத்தார். தான் எழுதியதை நேர்க்கோடு போட்டு ஒரு முறை அடித்தார். எழுத்து அடியில் தெரியத்தான் செய்தது. இன்னொரு முறை அடித்தார். பிறகு கீழே காலியாக இருந்த வெள்ளையில் ஸ்கேலை வைத்து ஒரு கட்டம் வரைந்தார். நாலு மூலையும் சரியாகச் சேர்ந்ததா என்று பார்த்துக்கொண்டு, உள்ளே *நோயாளியின் பிடிவாதம்* என்று எழுதி, கையெழுத்துப் போட்டார். 'உடனிருந்தவர்' என்ற இடத்தில் நானும் போட்டேன்.

சித்தப்பா எழுந்தார். படிவத்தை உறைக்குள் வைத்து, அம்மாவைப் பார்த்து, "வரேன் அண்ணி" என்றார்.

"சாயங்காலம் பிள்ளையைக் கூட்டிட்டு வாங்க. அவரோட மழைக்கோட்டு இருக்கு. உங்களுக்குச் சரியா இருக்கும்."

அவர் இறங்கும் சத்தம் கேட்டது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் வெகுநேரம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது.

நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். இருபத்து மூன்று நாள் அவளிடம் ஒரு கேட்டைக் காட்டி ஏமாற்றியிருக்கிறேன். அதற்குத் திட்டினால் நியாயம். தடுக்காததற்குத் திட்டினால் அதுவும் நியாயம்.

"எப்படி இறங்கினாரு?" என்றாள்.

"மெதுவாத்தான்."

"ஒழுங்கா சொல்லு."

சொன்னேன். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கியது. இரண்டாவது மாடியில் டெய்லர் வீட்டுப் பூந்தொட்டி வழியில் இருப்பதைப் பார்த்து, "இதை எடுக்கச் சொல்லு, ஸ்ட்ரெச்சர் இறக்கும்போது இடிக்கும்" என்றது. முதல் மாடியில் நான் போய் யாரையாவது கூப்பிடுகிறேன் என்றபோது, "எதுக்கு, அவங்களும் வந்து நிப்பாங்க" என்றது. அம்மா எங்கே போயிருக்கிறாள் என்று கேட்டது, சொன்னதும் "வெயில் ஏறுது, குடை எடுத்துட்டுப் போனாளா" என்றது.

"எடுத்துட்டுப் போகல" என்றாள் அம்மா.

"எடுத்துட்டுப் போனீங்கன்னு சொன்னேன்."

அம்மா தலையாட்டினாள்.

"கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டாரா?"

"இல்ல. ஒரு கை நெஞ்சுல. இன்னொரு கை என் தோள்ல."

"எந்தத் தோள்?"

"இடது."

"அழுத்திப் பிடிச்சாரா?"

"முதல்ல இல்ல. கடைசிப் படிகள்ல."

அம்மா என் இடது தோளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு நாற்காலியை விட்டு எழுந்து வந்து, சட்டையின் தோள் மடிப்பை இரண்டு விரலால் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"இங்க தையல் விட்டிருக்கு" என்றாள். "கழட்டிக் குடு. தைச்சுத் தரேன்."

அன்று நான் போட்டிருந்தது வேறு சட்டை. அதை அவளிடம் சொல்லவில்லை. உள்ளே போய் மாற்றிக்கொண்டு, இதைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தாள். நான் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று தடவை தவறி, நாலாவது தடவை நூல் நுழைந்தது.